மூடுபனிக்குள் அரோகரா

"கந்தசட்டி விரதத்தோடை மான் வேட்டைக்குப் போற முதல் ஆள் நீங்களாத்தான் இருக்கும்" என்றாள் சந்திரமதி.

தவராஜா கதவடியில் குந்தியிருந்து சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நான் வேட்டையாடப் போகேல்லை. சத்தம் போடப் போறன். சத்தம் போடக்கூடாது எண்டு விரதத்திலை எங்கை கிடக்கு?"

"இண்டைக்குச் சூரன்போர்."

"அதுக்குத்தான் பின்னேரம் வந்திடுவன் எண்டு சொல்லிப்போட்டனே. நீரும் வாறீர். ரெண்டு பேரும் ஒண்டாய் வந்து குளிச்சிட்டு விளக்கு வைப்பம்."

தொண்ணூற்றாறாம் ஆண்டு நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை அது. ஐந்து நாளாகப் பாலும் பழமுமாக இருந்த மனிதர், ஆறாம் நாளான அன்று வெறும் தண்ணீரோடு நின்றார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஆனாலும் போகாமல் இருக்க முடியாது. கேட்டவர் வால்டர்.

திரிம்பாக்குக்கு மேலே, ஜூரா மலைச்சரிவில் வால்டருக்கு ஒரு சாப்பாட்டுக்கடை இருந்தது. இலையுதிர்காலம் வந்தால் சூரிச்சிலிருந்தெல்லாம் ஆட்கள் கார் பிடித்து வந்து அங்கே மான் இறைச்சியும் சிவப்பு முட்டைக்கோவாவும் சாப்பிடுவார்கள். அந்தக் கடையில் சட்டி கழுவச் சேர்ந்த தவராஜா, இப்போது அந்தச் சிவப்புக் கோவாவையே சமைக்கிறவர். வால்டர் நல்ல முதலாளி. சத்தம் போடுவார், ஆனால் சம்பளம் பிந்தாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்த புதன்கிழமை அவர் தானே சோலோதுர்னுக்கு வந்து, மாநில அலுவலகத்தில் தவராஜாவுக்காகக் கதைப்பதாகச் சொல்லியிருந்தார். ஆண்டுக்காண்டு நீட்டிக்கொண்டு வந்த தற்காலிக விசாவை மாற்றி, நிலையான பெர்மிட் கொடுக்கலாமா என்று அங்கே பார்க்கப்போகிறார்கள். "என்ரை சமையலறை இந்த மனுசனாலைதான் ஓடுது" என்று முதலாளி வந்து சொன்னால், பெர்மிட் கையில் கிடைத்த மாதிரி. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சந்திரமதி நினைத்துப் பார்க்க விரும்பியதில்லை.

வால்டர் ஊர் வேட்டைச் சங்கத்தில் ஓர் ஆள். காட்டுக்குள் சத்தம் போட்டு மான் கலைக்கிறவர்களில் பாதிப்பேர் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள், நீ வருவாயா, தெரிந்தவர்களையும் கூட்டி வா என்று அவர் கேட்டார். தவராஜா மனைவியையும் தம்பிராசா அண்ணையையும் கூட்டிக்கொண்டு போனார். தம்பிராசா அண்ணை ஊரில் பஸ் கொண்டக்டராக இருந்தவர். இங்கே ஓல்டன் ரயில் நிலையத்தில் துப்புரவு வேலை.

"துவக்குச் சத்தத்துக்குப் பயந்து பிளேன் ஏறி வந்தனாங்கள்" என்றார் அண்ணை, வேனுக்குள் ஏறும்போது. "இப்ப துவக்குக்கு முன்னாலை நடக்கிறதுக்கு ஓரஞ்சு நிறச் சட்டையும் தந்து, பின்னேரம் சூப்பும் தருகினம். முன்னேற்றம்தான், என்ன தங்கச்சி?"

"நீங்கள் வாயைத் திறந்தால் மான் தானாய்ச் செத்திடும் அண்ணை. துவக்குத் தேவையில்லை."

காட்டு ஓரத்தில் ஒரு மரக்குடிசை. அதன் முன்னே பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். மூடுபனி அப்படி இறங்கியிருந்தது, குடிசையின் புகைபோக்கி கூடத் தெரியவில்லை. கூடவே ஊசித் தூறல். சங்கத் தலைவர் கூர்ட், ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர், நடுவில் வந்து நின்றார். சிக்னல் வாசிப்பது போலத்தான் கதைப்பார். அவர் சொல்லச் சொல்லச் சந்திரமதி மற்ற இருவருக்கும் தமிழில் சொன்னாள். முதியோர் இல்லத்தில் வேலை செய்து, அங்குள்ள கிழவிமாரோடு கதைத்துக் கதைத்து, சுவிஸ் ஜேர்மன் அவளுக்கு நாக்கில் ஊறியிருந்தது. தவராஜாவுக்கு அடுப்படி வார்த்தைகளுக்கு மேலே வராது.

"கலைக்கிற ஆக்கள் ஒரே வரிசையா நடக்கவேணுமாம். வாய் ஓயக்கூடாதாம். இந்தப் பனியிலை எங்கடை சத்தம்தான் எங்கடை உயிராம். துவக்குக்காரர் காட்டுப்பாதையிலை நிப்பினம். மான் அவையைத் தாண்டி வெளியிலை போனாப் பிறகுதான் சுடலாம். உள்ளுக்கு, எங்கடை பக்கம், ஒருத்தரும் சுடக்கூடாது. சுட்டால் துவக்கைக் குடுத்திட்டு வீட்டை போகவேணும், இந்தப் பருவம் முழுக்க வரேலாது. தன்ரை சொந்தத் தம்பி எண்டாலும் அப்பிடித்தானாம்."

"நல்ல மனுசன்" என்றார் தவராஜா.

வால்டர் வந்து அவருடைய முதுகில் தட்டினார். "ராஜா! சாப்பிடாமல் மலை ஏறுவாயா?" தவராஜா சிரித்தார். அந்தச் சிரிப்பே அவருடைய ஜேர்மன்.

கொம்பு ஊதினார்கள். வால்டர் துவக்கோடு கீழ்ப்பாதைக்குப் போனார்; வரிசை காட்டுக்குள் இறங்கியது.

இடப்பக்கம் தம்பிராசா அண்ணை, நடுவில் சந்திரமதி, வலப்பக்கம் தவராஜா. நாலு மரத்துக்கு அப்பால் எல்லாம் வெள்ளை. காலடியில் நனைந்த சருகு சத்தம் போடாமல் அமுங்கியது. உள்ளூர்க்காரர் "ஹோப், ஹோப்" என்றார்கள். அண்ணைக்கு அது வாயில் வரவில்லை. கொஞ்ச நேரம் முயன்றுவிட்டு, பழைய தொழிலுக்கே திரும்பிவிட்டார்.

"முன்னுக்குப் போங்கோ! முன்னுக்குப் போங்கோ! உள்ளுக்கு இடம் கிடக்கு, முன்னுக்குப் போங்கோ!"

சந்திரமதிக்குச் சிரிப்பில் நடக்க முடியவில்லை. மானுக்குச் சொல்ல வேண்டியதும் அதுதானே.

வலப்பக்கத்திலிருந்து, தாளம் தவறாமல், அடிவயிற்றிலிருந்து வந்தது மற்றச் சத்தம்:

"அரோகரா! ... அரோகரா!"

பட்டினி கிடந்த உடம்பிலிருந்து அந்தக் குரல் எப்படி எழும்பியதோ. மரங்களுக்குள் போய் முட்டித் திரும்பி வந்தது. அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு அவள் நடந்தாள். ஒரு அரோகராவுக்கு ஒரு கால் எடுத்து வைப்பாள், அடுத்தது வந்ததும் மற்றக் காலை வைப்பாள்.

திடீரென்று அவளுக்கு முன்னால் ஏதோ எழும்பியது. இந்த நாட்டு மான் சின்னது, ஆட்டைவிடக் கொஞ்சம் உயரம். சாம்பல் நிறத்தில் ஒரு கோடு இழுத்தது போல அது தவராஜாவின் பக்கம் பாய்ந்தது. அடுத்த கணம் வெடி. மிகக் கிட்டத்தில்.

அரோகரா நின்றுவிட்டது.

"இஞ்சாருங்கோ!"

பதிலில்லை. சந்திரமதி வரிசையை விட்டு ஓடினாள். அவள் எத்தனையோ வெடிகளைக் கேட்டவள். அதற்குப் பிறகு வரும் இந்த அமைதியைத்தான் அவளால் தாங்க முடியாது.

"இஞ்சை நிக்கிறன். ஓடாதேயும், வழுக்கும்."

அவர் ஒரு மரத்தடியில் குனிந்து நின்றார். முழு ஆளாக நின்றார். அவள் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். அவர் கீழே காட்டினார். மஞ்சள் சருகில் இரத்தம், கொஞ்சம் மயிர். பக்கத்து மரத்தின் வழுவழுத்த பட்டையில், அவருடைய இடுப்பளவு உயரத்தில், சன்னங்கள் கொத்திய புதுக் காயம். வெள்ளை வெளேரென்று இருந்தது. கீழே, பாதைப் பக்கமிருந்து வந்த சன்னம். அந்த இடத்துப் பாதையில் நின்றவர் யாரென்று இருவருக்கும் தெரியும்.

"வால்டர்" என்றாள் அவள்.

"ஓம்."

"உங்களுக்குப் பட்டிருந்தால்?"

"எனக்குப் படேல்லை. மானுக்குப் பட்டிருக்கு. அது ஓடியிருக்கு, பாரும், இந்தப் பக்கம். இரத்தம் போகுது."

கொம்பு மறுபடி ஊதியது. கலைப்பு முடிந்தது. எல்லோரும் குடிசைக்குத் திரும்பினார்கள்.

குடிசை முன்னே நெருப்பு மூட்டிச் சூப் கொதித்தது. தம்பிராசா அண்ணை ஏற்கெனவே ஒரு சொசேச்சை முடித்துவிட்டு மற்றதற்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார். கூர்ட் துவக்குக்காரர் ஒவ்வொருவரையும் கேட்டார். அது அவர்கள் முறை. எத்தனை வெடி, எங்கே, எதற்கு, பட்டதா இல்லையா என்று எல்லோர் முன்னும் சொல்ல வேண்டும். ஒருவர் நரி சுட்டேன் என்றார். இன்னொருவர் ஒன்றும் காணவில்லை என்றார்.

வால்டர் தொண்டையைச் செருமினார். "ஒரு வெடி. மான் பாதையைத் தாண்டின பிறகு, வெளியே. தவறிவிட்டது. சுத்தமாகத் தவறிவிட்டது."

"இரத்தம்? மயிர்?"

"ஒன்றும் இல்லை. பார்த்தேன்."

சந்திரமதி அதைத் தமிழில் சொல்லவில்லை. ஆனால் தவராஜா வால்டரின் தலையாட்டலைப் பார்த்தே விளங்கிக்கொண்டார்.

"தவறிட்டுது எண்டுதானே சொன்னவர்?"

"விடுங்கோ."

"நீர் சொல்லும், சந்திரா. இரத்தம் கண்ட இடத்தைச் சொல்லும்."

"புதன்கிழமை மறந்து போச்சோ உங்களுக்கு?" அவள் நெருப்பைப் பார்த்தபடி, உதடு அசையாமல் கதைத்தாள். "இடத்தைச் சொன்னால் அவர் உள்ளுக்குச் சுட்டவர் எண்டு ஆகும். பிறகு அவர் சோலோதுர்னுக்கு வருவாரோ? வேலை இருக்குமோ?"

தம்பிராசா அண்ணை சொசேச்சை வாயிலிருந்து எடுத்தார். "தம்பி, அவள் சொல்லுறதைக் கேள். மானுக்குப் பெர்மிட் தேவையில்லை. உனக்குத் தேவை."

"அண்ணை, நான் ஆறு நாளாய் முருகன்ரை பேரைச் சொல்லிக்கொண்டு இருக்கிறன். ஒரு உயிர் இந்த மழைக்குள்ளை வயித்திலை சன்னத்தோடை படுத்துக் கிடக்கு. நாளைக்கும் சாகாது, நாளையிண்டைக்குச் சாகும். நான் வீட்டை போய் எந்தக் கையாலை விளக்குக் கொளுத்துறது?" மனைவியிடம் திரும்பினார். கோபமில்லை, கெஞ்சலும் இல்லை. "எனக்கு இந்தப் பாஷை வருமெண்டால் உமக்குக் கரைச்சல் தரமாட்டன்."

கூர்ட் அடுத்த கலைப்புக்கு ஆட்களைப் பிரிக்கத் தொடங்கினார். சந்திரமதி முன்னுக்குப் போனாள். கால் தானாகப் போனது.

"என் கணவர் இரத்தம் கண்டார்" என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள். வால்டரும்.

"எங்கே?" என்றார் கூர்ட்.

அந்த ஒரு சொல்லில்தான் எல்லாமே இருந்தது. பாதை ஓரத்தில் என்று சொல்லலாம். ஒருவருக்கும் தீங்கில்லை. வால்டர் சரியாகப் பார்க்கவில்லை என்று ஆகும், அவ்வளவுதான். நாயைக் கொண்டுபோய்ப் பாதையில் விடுவார்கள், நாய் ஒன்றும் காணாது, மழை மிச்சத்தைக் கழுவிவிடும். தவராஜாவுக்கு அவள் என்ன சொன்னாள் என்று ஒருநாளும் தெரிய வராது. அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் அவளுடைய வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார், ஒரு சந்தேகமும் இல்லாத முகத்தோடு. அந்த முகத்தை வைத்துக்கொண்டு எப்படிப் பொய் சொல்வது? மனுசன் அவளை நம்பித் தன்னுடைய வாயையே அவளிடம் தந்துவிட்டு நிற்கிறார்.

"பாதையில் இல்லை" என்றாள். "காட்டுக்குள்ளே. என் கணவர் நடந்த இடத்தில், அவருக்குப் பக்கத்தில். மரத்திலும் சன்னம் பட்டிருக்கிறது. பாதைப் பக்கமிருந்து வந்தது."

கூர்ட் வால்டர் பக்கம் திரும்பினார்.

வால்டரின் முகம் சிவந்து வெளுத்தது. "அவன் நாட்கணக்காகச் சாப்பிடவில்லை, கூர்ட். இந்தப் பனியில் அவன் எதைக் கண்டானோ!"

கூர்ட் வாதாடவில்லை. தவராஜாவைப் பார்த்து, "காட்டு" என்றார். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

கூர்ட், அவருடைய சிவப்பு நாய், தவராஜா, சந்திரமதி. பின்னால், யாரும் கூப்பிடாமலே, வால்டர். மரத்தடிக்கு வந்ததும் கூர்ட் பட்டையில் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு தவராஜாவின் இடுப்பைப் பார்த்தார். பிறகு மரத்தை. திரும்பி வால்டரைப் பார்த்தார்.

வால்டர் துவக்கை மடித்துத் திறந்து, தோட்டாக்களை எடுத்து, எல்லாவற்றையும் கூர்ட்டின் கையில் கொடுத்தார்.

"பனியில் சத்தம் எங்கேயிருந்து வருகிறது என்று பிடிபடவில்லை" என்றார். "மானை மட்டும்தான் பார்த்தேன். வெடித்த பிறகுதான் அவனுடைய குரல் நின்றது. நான்..." பெரிய உடம்புக்காரர், மழையில் சின்னதாகத் தெரிந்தார்.

சந்திரமதி அதைத் தவராஜாவுக்குச் சொன்னாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

நாய் மூக்கைச் சருகில் புதைத்தது. நீண்ட வாரைப் பிடித்துக்கொண்டு கூர்ட் பின்னால் போனார். சரிவில் இறங்கி, ஓடை தாண்டி, மறுபடி ஏறி. இரண்டு இடத்தில் மழை தடத்தைக் கழுவியிருந்தது. நாய் நின்றது, வட்டம் போட்டது, திரும்பப் பிடித்தது. தவராஜா ஒரு வேரில் தடுக்கினார். சந்திரமதி அவருடைய முழங்கையைப் பிடித்தாள். "வேண்டாம், விடும்" என்றார், ஆனால் கையை எடுக்கவில்லை.

முட்புதருக்குள் அது படுத்திருந்தது. பெண்மான். உயிர் இருந்தது. அவர்களைப் பார்த்தது, எழும்ப முயன்றது, முடியவில்லை. கூர்ட் ஒரே வெடியில் முடித்தார். தவராஜா தொப்பியைக் கழற்றினார்.

பிறகு கூர்ட் செய்ததைச் சந்திரமதி அதற்குமுன் கண்டதில்லை. நத்தார் பண்டிகைக்குச் சோடிக்கிற மாதிரி ஊசியிலை மரத்தில் சின்னக் கொப்பொன்றை முறித்து, மானின் வாயைத் திறந்து, பற்களுக்கிடையில் வைத்தார். கடைசி வாய் உணவு என்றார்.

"வாய்க்கரிசி" என்று தவராஜா மெதுவாகச் சொன்னார். "இவையும் போடுகினம், பாரும்."

கூர்ட் இன்னொரு கொப்பை முறித்தார். மானின் இரத்தத்தில் தொட்டு, தன்னுடைய தொப்பியில் வைத்து வால்டரிடம் நீட்டினார். சுட்டவனுக்குரிய மரியாதை அது. பிழையாகச் சுட்டாலும் மான் அவனுடையது, கொப்பும் அவனுடையது. ஆனால் காயப்பட்ட மானைத் தேடிக் கண்டுபிடித்துத் தந்தவர் யாரோ, அவருக்கு அந்தக் கொப்பில் பாதியைச் சுட்டவன் தன் கையால் முறித்துக் கொடுக்க வேண்டும். கூர்ட் அதைச் சந்திரமதிக்குச் சொன்னார். வால்டருக்கும் கேட்கட்டும் என்றுதான் சொன்னார்.

வால்டர் கொப்பை எடுத்தார். அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மழை அவருடைய கன்னத்தால் வடிந்தது. சந்திரமதிக்கு அப்போது சோலோதுர்ன் ஞாபகம் வந்தது, சமையலறை ஞாபகம் வந்தது, வாடகை ஞாபகம் வந்தது. பக்கத்தில் தவராஜா நேராக நின்றார். ஒட்டின கன்னத்தோடு, நனைந்த ஓரஞ்சுச் சட்டையோடு, தரவேண்டியதைத் தரட்டும், தராவிட்டால் போகட்டும் என்பது போல. கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் அவள் அவரை அவ்வளவு உயரமாகக் கண்டதில்லை.

வால்டர் கொப்பை முறித்தார். 'டிக்' என்று ஒரு சத்தம். தவராஜாவின் கம்பளித் தொப்பியில் அதைத் தன் கையாலேயே செருகினார்.

"திங்கட்கிழமை எட்டு மணி, ராஜா. வழமைபோல." கொஞ்சம் பொறுத்து, "புதன்கிழமையும்" என்றார்.

சந்திரமதி அதைத் தமிழில் சொல்லத் திரும்பினாள். "தேவையில்லை, விளங்கினது" என்றார் தவராஜா.

குடிசைக்குத் திரும்பியபோது தம்பிராசா அண்ணை அந்தக் கொப்பைக் கண்டுவிட்டு, "என்னடா, தலையிலை காடு முளைச்சிருக்கு?" என்றார். கதையைக் கேட்டபின் சூப்புக் கோப்பையை இரண்டு கையாலும் தவராஜாவிடம் நீட்டினார். பிறகு விரதம் ஞாபகம் வந்து, தானே குடித்தார்.

வீட்டுக்கு வந்து இருவரும் தலையில் தண்ணீர் வார்த்துக் குளித்தார்கள். தவராஜா தன்னுடைய பாதிக் கொப்பை மறுபடி முறித்து ஒரு துண்டை அவளிடம் தந்தார். "வாய் திறந்தது நீரெல்லோ."

அவள் அதைக் கொண்டுபோய் முருகன் படத்தடியில் வைத்தாள்.

"இரத்தம் பட்டதெல்லோ அது? சாமியறையிலை வைக்கலாமோ?"

"இண்டைக்கு முருகன்ரை வேலிலையும் இரத்தம்தான்" என்றாள் சந்திரமதி. "வள்ளியும் வேடர் வீட்டுப் பிள்ளை. அவர் ஒண்டும் சொல்லமாட்டார். நீங்கள் விளக்கைக் கொளுத்துங்கோ."

புதன்கிழமை வால்டர் வந்தார். கோட்டுப் போட்டுக் கழுத்துப்பட்டியும் கட்டிக்கொண்டு வந்து, சொல்ல வேண்டியதைச் சொன்னார். பெர்மிட் வந்தது. அந்தப் பருவம் முழுக்க அவருடைய துவக்குக் கூர்ட்டின் வீட்டு அலுமாரியில் இருந்தது. அதைப் பற்றிச் சமையலறையில் ஒருவரும் கதைக்கவில்லை.

மூன்றாம் வருடம், மாசி மாதத்தில், தவராஜா மாரடைப்பில் போனார். சிவப்புக் கோவா வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கவனமாகப் பலகையில் வைத்துவிட்டுத்தான் சரிந்தாராம். வால்டர் சொன்னார்.

ஓல்டனில், மின்தகனத்துக்கு முன் வாய்க்கரிசி போட எல்லோரும் வரிசையில் நின்றார்கள். அந்த வரிசைக் கடைசியில் வால்டரும் நின்றார், கறுப்புக் கோட்டோடு, கையில் ஒரு பச்சைக் கொப்போடு. அவருடைய முறை வந்தபோது கிரியை செய்தவர் கையை நீட்டி மறித்தார்.

"இது என்ன, ஐயா? இதெல்லாம் இஞ்சை வைக்கேலாது. அரிசி எடுக்கச் சொல்லுங்கோ."

"அவர் வைக்கட்டும்" என்றாள் சந்திரமதி. சத்தமாகத்தான் சொன்னாள், மண்டபத்தில் எல்லோருக்கும் கேட்டது. "அது என்ரை மனுசன் உழைச்சது."

வால்டர் கொப்பை இரண்டாக முறித்தார். ஒரு பாதியைத் தவராஜாவின் நெஞ்சில் வைத்தார். மற்றப் பாதியை அவளிடம் தந்தார். தம்பிராசா அண்ணை சுவரில் சாய்ந்து நின்று, முகத்தைத் துடைக்காமல், மெல்லிய குரலில் ஏதோ சொன்னார். பக்கத்தில் நின்ற சந்திரமதிக்கு மட்டும் அது கேட்டது.

"முன்னுக்குப் போ, ராசா. முன்னுக்குப் போ."